ஒரு நாள் நாற்றம், பல வருடச் செடி: பிண மலர்களை வீட்டில் வளர்க்கலாமா?

அழுகல் நாற்றம் அடிக்கும் பூச்செடி வளர்க்கிறேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "வீடே நாறுமே, எப்படித் தாங்குகிறீர்கள்?" இந்தச் செடிகளின் இலை நாறாது, தண்டு நாறாது, கிழங்கும் நாறாது. பூ மட்டும்தான் நாறும். அதுவும் விரிந்த முதல் ஒன்றிரண்டு நாள், வகையைப் பொறுத்துச் சில மணி நேரம். வருடத்தின் மற்ற நாளெல்லாம் உங்களிடம் இருப்பது வாசனையே இல்லாத, பார்க்க அழகான ஒரு செடி. சில மாதம் அதுவும் இருக்காது. வெறும் மண் நிரம்பிய தொட்டி மட்டும் இருக்கும்.

அதனால் இந்தச் செடிகளை வளர்க்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது மூக்கைப் பற்றி அல்ல, பொறுமையைப் பற்றி. பூக்காத காலத்திலும் அந்தச் செடியோடு இருக்கப் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிடிக்கும் என்றால் மேலே படியுங்கள்.

பூ ஏன் நாற வேண்டும்?

தேனீயை அழைக்கும் பூ தேன் கொடுக்கிறது. வேலைக்குக் கூலி. பிண மலர்கள் கூலி கொடுப்பதில்லை, ஏமாற்றுகின்றன. செத்த விலங்கின் உடலிலும் சாணத்திலும் முட்டையிடும் ஈக்களும் வண்டுகளும் எப்போதும் இடம் தேடிக்கொண்டே இருக்கும். அவற்றின் புழுக்கள் தின்று வளர அழுகிய இறைச்சி வேண்டும். அந்தத் தேடலைத்தான் இந்தப் பூக்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. இறைச்சி நிறம், தோலின் சுருக்கம், உரோமம் போன்ற மயிர், அப்புறம் நாற்றம். ஈ வந்து இறங்குகிறது, சுற்றிச் சுற்றி நடக்கிறது, கிடைப்பது ஒன்றுமில்லை. உடம்பில் மகரந்தத்தை ஒட்டிக்கொண்டு பறந்து போய், இதே வகைப் பூ இன்னொன்றில் இறங்கி மறுபடியும் ஏமாறுகிறது. செடிக்கு வேண்டியது அந்த இரண்டாவது ஏமாற்றம்தான்.

இந்த நாற்றம் பிணவாடையைப் போல இருக்கிறது என்று எழுதுவார்கள். உண்மையில் "போல" என்ற சொல்லே தேவையில்லை. இறைச்சியிலுள்ள புரதத்தைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது டைமெத்தில் டைசல்ஃபைடு, டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மங்கள் வெளியாகும். அதே சேர்மங்களைச் செடி தானே தயாரித்து விடுகிறது. எனவே உங்கள் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை. பிணத்திலிருந்து வரும் அதே பொருளைத்தான் முகர்கிறீர்கள். இவற்றோடு மீன் வாடைக்குக் காரணமான ட்ரைமெத்திலமைன், வியர்வையில் ஊறிய காலுறையை நினைவூட்டும் ஐசோவலேரிக் அமிலம் என்று இனத்துக்கு இனம் கலவை மாறும். ஒன்று செத்த எலி, ஒன்று கருவாடு, ஒன்று சாணம்.

சேனை குடும்பத்தைச் சேர்ந்த பூக்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன: சூடாகின்றன. பூவின் நடுவே நிற்கும் கதிர், சேர்த்து வைத்த சத்தை எரித்து வெப்பம் உண்டாக்குகிறது. அந்தச் சூட்டில் நாற்றம் ஆவியாகி வெகுதூரம் போகிறது. டைட்டன் ஆரம் என்ற பெரிய இனத்தில் கதிரின் வெப்பம் மனித உடலின் சூட்டை எட்டிவிடும். இந்த அடுப்பைப் பற்றவைக்கும் பொருள் எது என்று பல காலம் தேடினார்கள். 1937-ல் அதற்குக் 'கலோரிஜன்' என்று பெயர் வைத்தார்கள், ஆனால் ஆள் யாரென்று தெரியவில்லை. 1987-ல்தான் அது சாலிசிலிக் அமிலம் என்று கண்டுபிடித்தார்கள். தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு அது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பூக்களின் மேல் மரியாதை கூடிவிட்டது.

ஒரே பெயர், இரண்டு செடி

'பிண மலர்' என்று தேடினால் இரண்டு வெவ்வேறு செடிகளின் படம் கலந்து வரும். புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

ஒன்று ரஃப்லேசியா. தரையில் கிடக்கும் சிவப்பு நிற, தடித்த ஐந்து இதழ்ப் பூ. ரஃப்லேசியா ஆர்னால்டி என்ற இனத்தின் பூ ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் வரை விரியும். தனிப்பூக்களில் உலகிலேயே பெரியது. இதற்கு இலை கிடையாது, தண்டு கிடையாது, வேரும் கிடையாது. திராட்சைக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்றின் உள்ளே நூல் போலப் பரவி, அதன் சத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. இதை வீட்டில் வளர்க்க முடியாது. விதை என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மற்றது டைட்டன் ஆரம், தாவரவியல் பெயர் அமார்ஃபோஃபாலஸ் டைட்டேனம். சுமத்திரா தீவின் மழைக்காட்டுச் செடி. இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி 1878-ல் இதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். காட்டுக்கு வெளியே முதன்முதலில் பூத்தது 1889-ல், லண்டன் கியூ தோட்டத்தில். 'டைட்டன் ஆரம்' என்ற எளிய பெயரை வைத்தவர் தொலைக்காட்சியில் இயற்கைப் படங்களை வழங்கும் பிரிட்டிஷ்காரர் டேவிட் ஆட்டன்பரோ. தாவரவியல் பெயரின் பொருள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொல்லச் சங்கடமானது என்பதால் அந்த மாற்றம்.

இதில் நாம் ஒரு பூ என்று பார்ப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. வாழைப்பூவின் மடலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஒரே ஒரு பெரிய மடல் விரிந்து கிண்ணமாக நிற்க, நடுவில் உயரமான கதிர். உண்மையான பூக்கள் சின்னஞ்சிறியவை. கதிரின் அடியில், மடலுக்குள் மறைந்து நூற்றுக்கணக்கில் இருக்கும். மொத்த உயரம் மூன்று மீட்டரைத் தொட்டதுண்டு. முதல் பூவுக்கு ஏழு முதல் பத்து ஆண்டு வரை ஆகும். மாலையில் விரியும், இரவில் நாறும், இரண்டு நாளில் சாய்ந்துவிடும். அதன் கிழங்கு ஒன்று எடின்பர்க் தாவரவியல் பூங்காவில் 150 கிலோவைத் தாண்டியது. இலை ஆறு மீட்டர் உயரம் போகும். எந்த நேரமும் வெப்பமும் ஈரப்பதமும் கேட்கும். கண்ணாடிக் கூடம் வைத்திருக்கும் தீவிர ஆர்வலர்கள் சிலர் வீட்டிலேயே பூக்க வைத்திருக்கிறார்கள். முதல் செடியாக வாங்க வேண்டியது இது அல்ல. காட்டில் ஆயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் என்று கணித்து, 2018-ல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த டைட்டனுக்குச் சிறிய உறவினர்கள் நிறைய. நமக்குத் தெரிந்த சேனைக்கிழங்கு இதே பேரினம்தான். சேனை பூத்துப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. மூட்டையில் கிடக்கும் கிழங்கிலிருந்தே சில சமயம் பூ முளைத்துவிடும்.

முதல் செடி: ஸ்டபீலியா

தொடங்குபவருக்கு என் பரிந்துரை ஸ்டபீலியா ஜைஜான்டியா. தென் ஆப்பிரிக்கப் பகுதியின் வறண்ட நிலத்துச் செடி. பார்க்கக் கள்ளி மாதிரி இருக்கும், ஆனால் கள்ளி அல்ல, எருக்குக் குடும்பம். எருக்கங்காய் வெடித்து விதைகள் பஞ்சோடு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டபீலியாவின் காயும் அப்படித்தான், கொம்பு மாதிரி இரட்டையாக நின்று, வெடித்து, பஞ்சு விதைகளைப் பறக்கவிடும்.

செடி ஒரு சாண் உயரம்தான். இலை இல்லாத, நான்கு பட்டையுள்ள பச்சைத் தண்டுகள், தொட்டால் வெல்வெட் மாதிரி. பகல் நேரம் சுருங்கத் தொடங்கும் காலத்தில் தண்டின் அடிப்பக்கத்தில் மொட்டு வரும். அந்த மொட்டு ஒவ்வொரு நாளும் ஊதி ஊதி, காற்றடைத்த பை போல ஆகி, ஒரு நாள் ஐந்து முனையிலும் பிளந்து நட்சத்திரமாக விரியும். விரித்த கை அளவுக்கு மேலேயே இருக்கும், 25 செ.மீ.க்கு மேல் அகலம் சாதாரணம். வெளிர் மஞ்சள் இதழில் மெல்லிய செந்நிற வரிகள் குறுக்கே ஓடும். ஓரமெல்லாம் நுண்ணிய மயிர். காற்றடித்தால் அந்த மயிர் அசையும். கிட்டே வைத்துப் பார்த்தால் விலங்கின் தோல் என்றே தோன்றும்.

என் செடி முதலில் பூத்தபோது மதியத்துக்குள் பச்சை ஈக்கள் வந்துவிட்டன. சாயங்காலம் பூவின் நடுவே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்து உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். வரிசையாக அடுக்கிய முட்டைகள், உடைத்த அரிசி மணி மாதிரி. ஈ முழுமையாக ஏமாந்து, தன் குஞ்சுகளை அங்கே விட்டுப் போயிருக்கிறது. மறுநாள் சில புழுக்கள் பொரிந்து நெளிந்தன. தின்ன ஒன்றும் இல்லை, அதற்கடுத்த நாள் காய்ந்து கிடந்தன. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பூ தன் வேடத்தை எவ்வளவு கச்சிதமாகப் போடுகிறது என்பதை அதற்கு முன் நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. உங்களுக்கும் இது நடக்கும். பயப்பட வேண்டாம், அந்தப் புழுக்கள் செடியைத் தின்பதில்லை.

வளர்ப்பது சுலபம். ஒரு விரல் நீளத் தண்டு போதும். வெட்டியவுடன் நடாமல், நிழலில் ஒரு வாரம் போட்டு வெட்டுவாய் காயவிடுங்கள். பருமணல், பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் துகள்) அல்லது சிறு கல் பாதிக்குப் பாதி கலந்த மண்ணில் மேலோட்டமாக ஊன்றுங்கள், அல்லது மண்ணின் மேல் படுக்க வைத்தாலும் வேர் விடும். ஆழமில்லாத, அகலமான தொட்டி நல்லது, ஏனென்றால் இது பக்கவாட்டில்தான் பரவும். வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சிவெயில் நேரத்தில் கொஞ்சம் மறைப்பு இருந்தால் சௌகரியம். தண்டு சிவந்தால் வெயில் அதிகம். மெலிந்து நீண்டால் வெளிச்சம் போதவில்லை.

தண்ணீர்தான் எல்லோரும் தவறும் இடம். மண் முழுக்கக் காய்ந்தபிறகு ஊற்றுங்கள், ஊற்றும்போது நன்றாக ஊற்றி வடியவிடுங்கள். குளிர்காலத்தில் மிகக் குறைவு. அடித்தண்டு கறுத்துக் கூழானால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் செடியைக் காப்பாற்றப் போராடாமல், நல்ல நுனிகளை வெட்டிப் புதிதாக நடுவதுதான் வழி. மாவுப்பூச்சியும் வரும், தண்டின் இடுக்கிலும் வேரிலும். காரணமில்லாமல் செடி வாடினால் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள்.

இதே உறவுக்கூட்டத்தில் ஓர்பியா, ஹூர்னியா என்று சிறிய செடிகளும் உண்டு. பூ சின்னது, நாற்றமும் குறைவு. ஜன்னல் ஓரம் மட்டுமே இடம் இருப்பவர் அவற்றோடு ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது செடி: கோன்ஜாக்

ஸ்டபீலியா ஒருமுறை பூத்து, நீங்களும் தாங்கிக்கொண்டீர்கள் என்றால், அடுத்து அமார்ஃபோஃபாலஸ் கோன்ஜாக். டைட்டன் ஆரத்தை வீட்டு அளவுக்குச் சுருக்கியது என்று சொல்லலாம். கிழக்காசியச் செடி. கருஞ்சிவப்பு மடல், ஓரம் சுருக்கு வைத்த துணி மாதிரி. அதையும் தாண்டி உயர்ந்து நிற்கும் கதிர். முழுதாக ஒரு மீட்டருக்கு மேல் வரும்.

இதன் வாழ்க்கை முறை புரிந்துவிட்டால் வளர்ப்பு தானாக வந்துவிடும். வருடத்துக்குக் கிழங்கிலிருந்து ஒரே ஒரு இலை முளைக்கும். பாம்புத்தோல் மாதிரிப் புள்ளி போட்ட காம்பு, உச்சியில் குடையாக விரிந்த இலை. பார்க்கும் யாரும் இதை ஒரு சிறு மரம் என்றுதான் சொல்வார்கள். அந்த இலை சில மாதம் உழைத்து உணவு சேர்க்கும். வேடிக்கை என்னவென்றால், பழைய கிழங்கு பெரிதாவதில்லை. அது முழுக்கக் கரைந்து போய், அதன் மேல் புதிய கிழங்கு ஒன்று உருவாகிறது. பிறகு இலை மஞ்சளாகிச் சாயும், கிழங்கு உறங்கப் போகும். உறக்கம் நாலைந்து மாதம். விழிக்கும்போது மறுபடி இலை. இப்படி மூன்று நான்கு சுற்று முடிந்து கிழங்கு போதுமான அளவுக்குப் பெருத்தபின் ஒரு வருடம் முதலில் பூ வரும், அது சாய்ந்ததும் இலை வரும்.

ஆகவே செய்ய வேண்டியது: இலை இருக்கும்போது நன்றாகச் சாப்பாடு போடுங்கள், இல்லாதபோது விட்டுவிடுங்கள். நடும்போது கிழங்கின் மேல் குறைந்தது அதன் உயரம் அளவுக்காவது மண் இருக்க வேண்டும். காரணம், வேர்கள் கிழங்கின் அடியிலிருந்து வருவதில்லை. உச்சியில், முளைக்குப் பக்கத்திலிருந்து வருகின்றன. மேலோட்டமாக நட்டால் வேருக்கு மண் கிடைக்காது, பெரிய இலையும் பாரம் தாங்காமல் சாயும். தண்ணீர் தேங்காத, இலைமக்கு கலந்த மண், பாதி நிழல், இலைக்காலத்தில் நிறையத் தண்ணீர், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள உரம்.

இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். என் முதல் கோன்ஜாக்கை நான் இழந்தது இங்கேதான். இலை வாடுகிறதே என்று பதறி மேலும் மேலும் ஊற்றினேன். இரண்டு மாதம் கழித்துத் தோண்டியபோது கையோடு வந்தது பழுப்பு நிறச் சேறு மட்டும். அன்றைக்கு எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, அது மூன்று வருடம் வளர்த்த கிழங்கு. இப்போதெல்லாம் இலை விழுந்ததும் கிழங்கைத் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டி, காகிதத்தில் சுற்றி நிழலான இடத்தில் வைத்துவிடுகிறேன். தோண்டும்போது பெரிய கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகளும் கிடைக்கும். நண்பர்களுக்குக் கொடுக்க அவைதான்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சேனை நறுக்கும்போது கை அரிக்குமே, அதே ஊசிவடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதிலும் உண்டு. குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூக்கும் நாள்

கோன்ஜாக் பூத்தால் அது எங்கே இருக்க வேண்டும் என்பதை முளை தெரியும்போதே முடிவு செய்யுங்கள். முளை அடியில் பருத்து, குண்டாக இருந்தால் பூவாக இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டியில் வைத்திருந்தால் தூக்கி வெளியே வைக்கலாம். மொட்டை மாடி, கொல்லை, யார் வீட்டு ஜன்னலுக்கும் நேரே இல்லாத மூலை. பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் அவர்கள் செத்த எலியைத் தேடி அலைவார்கள். சொன்னால் பாதிப் பேர் பார்க்க வருவார்கள்.

முதல் இரவு நாற்றம் உச்சத்தில் இருக்கும். கதிரின் அடியிலுள்ள பெண் பூக்கள் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் நேரம் அது. அடுத்த நாள் ஆண் பூக்கள் மகரந்தம் உதிர்க்கும், அதற்குள் பெண் பூக்களின் நேரம் முடிந்திருக்கும். ஒரே பூங்கொத்து தனக்குத் தானே சேர்க்கை செய்துகொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. விதை வேண்டுமானால் வேறொரு செடியின் மகரந்தம் தேவை. நாற்றம் தாங்கவே முடியாவிட்டால் கதிரின் மேல்பகுதியை வெட்டிவிடலாம், நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. மடல் அப்படியே நிற்கும். நான் இதுவரை வெட்டியதில்லை. மூன்று வருடம் காத்திருந்தது அந்த ஒரு இரவுக்காகவும்தான்.

மற்ற சில செடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாரோமாட்டம் வெனோசம் மண்ணும் தண்ணீரும் இல்லாமல், மேசை மேல் வைத்த வெறும் கிழங்கிலிருந்தே பூக்கும். குளிர் ஊருக்கு ஏற்றது. டிராகன்குலஸ் வல்காரிஸ் மத்தியதரைக்கடல் பகுதிச் செடி, தோட்டத்து மண்ணில் வளரும். பல்போஃபில்லம் ஃபெலனாப்சிஸ் என்ற நியூ கினி ஆர்க்கிட் அழுகிய இறைச்சி வாடைக்குப் பேர்போனது, ஆர்க்கிட் வளர்த்துப் பழகியவர்களுக்கு மட்டும். அரிஸ்டோலோகியா கிராண்டிஃப்ளோரா என்ற கொடியின் பூ, ஈயை உள்ளே விட்டு, உள்நோக்கிச் சாய்ந்த மயிர்களால் வழியடைத்து, மகரந்தம் பூசி மறுநாள் விடுதலை செய்யும். நம் ஆடுதீண்டாப்பாளையின் பேரினம்தான் அது. அந்தப் பேரினத்திலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதால் எந்தக் காரணத்துக்கும் வாயில் வைக்கக்கூடாது.

வாங்கும்போது விதையை விடக் கிழங்கு அல்லது வேர்விட்ட துண்டு நல்லது. டைட்டன் ஆரத்தின் விதை உலர்ந்தால் முளைக்காது, ஆகவே காய்ந்த விதை என்று பொட்டலத்தில் வந்தால் அது வேறு எதுவோ. அரிய இனம் என்றால், காட்டிலிருந்து தோண்டியதா, நாற்றங்காலில் பெருக்கியதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று: கிழங்கைத் தோண்டாமல் தொட்டியிலேயே உறங்க விடுபவராக இருந்தால், ஒரு குச்சியில் 'உள்ளே கிழங்கு இருக்கிறது, தண்ணீர் ஊற்ற வேண்டாம்' என்று எழுதி மண்ணில் செருகி வையுங்கள். வீட்டில் யாராவது காலி மண் என்று நினைத்து அதில் மிளகாய் விதை போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.